தண்ணீர் பழகும் வரை

மீன் தொட்டி பில்டரில் இருக்கிற குங்குமத்தில் மட்டும் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. வெள்ளிக்கிழமை வைத்தது. அழிந்தால் என் வீட்டுக்காரி சத்தம் போடுவாள். மற்றபடி திறந்து பாருங்கள், மோந்து பாருங்கள், உங்கள் தொழிலில் நான் குறுக்கே வரமாட்டேன்.

இதை யார் கழுவுகிறார்கள் என்று கேட்டீர்கள். ஒரு பேரைச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. நான் தாலுகா ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவன். தலைமை எழுத்தராக ரிட்டயர் ஆனேன். ஒருத்தன் வந்து "சார், என் பட்டா என்னாச்சு" என்று கேட்டால், பைலை முதல் பக்கத்திலிருந்து புரட்டினால்தான் எனக்குப் பதில் வரும். அதே மாதிரி இதையும் முதல் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பீர்கள்.

ஆவணி முதல் வாரம் தொட்டி வந்தது. நாலடி. என் மகன் குற்றாலநாதன் தோகாவில் இருக்கிறான். அவன் கம்பெனி வாசலில் இப்படி ஒரு கடல் தொட்டி இருக்கிறதாம், வீடியோவில் காட்டினான். "நம்ம வீட்டுல வச்சா எப்படி இருக்கும்ப்பா?" என்றான். எதிர்வீட்டு டாக்டர் தங்கமீன் வைத்திருக்கிறார். குழாய்த் தண்ணீரில் நீந்துகிற மீனை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். பாளையங்கோட்டையில் கடலைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தவர்கள் எத்தனை பேர், சொல்லுங்கள்.

உங்கள் முதலாளி மச்சாது ஆளோடு வந்து பொருத்திக் கொடுத்தார். மணல் போட்டார், காய்ந்த பாறைகளை அடுக்கினார், உப்பைக் கரைத்தார். பளிங்கு மாதிரி தண்ணீர். "மீன் எப்ப வரும்?" என்றேன். சிரித்தார்.

"ஆறு வாரம் ஆகும் சார். இது இன்னும் உயிரில்லாத தண்ணி. மீன் போடுத கழிவு அமோனியாவா மாறும், அது மீனுக்கு விஷம். அதத் திங்கிறதுக்கு ஒரு கிருமி உண்டு. தின்னுட்டு அதை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம். அதத் திங்கிறதுக்கு இன்னொரு கிருமி. இந்த ரெண்டு கிருமியும் பாறையிலயும் பில்டர் பஞ்சுலயும் குடியேறணும். ரெண்டு விஷமும் ஜீரோவுக்கு வந்து நிக்கணும். அதுக்குப் பிறவுதான் மீனு. கண்ணால பாத்தா எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான் சார். டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்."

எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துப்போயிற்று. காத்திருக்கச் சொல்கிறவர்களிடம் ஒரு மரியாதை வரும் எனக்கு. தண்ணீர் பழக வேண்டும். சரிதானே? எதுவும் பழகித்தான் ஆக வேண்டும்.

ஆனால் போகும்போது ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். மீனே இல்லாத தொட்டியில் கிருமிக்குத் தீனி ஏது? ஒரு பச்சை இறாலைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிடுங்கள், அழுகட்டும் என்றார். சைவ வீட்டில் இறால்! என் வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டாள். "எங்க அத்த விளக்கேத்துன வீட்டுல பொணத்தையா அழுகப் போடப்போறீங்க?" என்றாள்.

நான் தொட முடியுமா? அவள் தொடுவாளா? மருமகள் இருக்கிறாள் அல்லவா. ஆவுடைநாயகி. ஆவுடை என்று கூப்பிடுவோம். அம்பாசமுத்திரத்துப் பெண். மைக்ரோபயாலஜி படித்தவள். கல்யாணமாகி அப்போது பதினோரு மாதம். மகன் லீவு முடிந்து போய்விட்டான், இவள் எங்களோடு இருக்கிறாள். "கிருமியப் பத்தித்தானம்மா படிச்சே? நீயே போயி வாங்கிட்டு வா" என்றேன். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத பிள்ளை. சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போனாள். வந்ததும் கொல்லையில் போய் வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி, "நல்ல சேதியா இருக்குமோ?" என்று கேட்டாள் பாருங்கள், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றையிலிருந்து ஒரு ஏற்பாடு. காலையில் பத்து மணிக்கு ஆவுடை டெஸ்ட் எடுப்பாள். எடுத்தவுடன் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் வரலாம். விடியற்காலம் ஒரு குளியல், பத்தரைக்கு ஒரு குளியல். சளி பிடித்தது. சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தோம். கொடுக்காமல் இல்லை.

அந்த வாரந்தான் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. தாழையூத்துப் பக்கம் ஒரு பால் பண்ணையில் லேப் வேலை. பாலைச் சோதிக்கிற வேலை. எப்போது எழுதிப் போட்டாளோ, எப்போது இன்டர்வியூ நடந்ததோ, போனிலேயே முடித்திருக்கிறாள். விஜயதசமி கழிந்த திங்கட்கிழமை சேர வேண்டும், தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு என்று போட்டிருந்தது. காகிதத்தை என் முன்னால் வைத்துவிட்டுத் தூணோரமாக நின்றாள். இந்த வேலை கிடைத்தால் போதும் மாமா, வேறு ஒன்றும் கேட்கமாட்டேன் என்றாள். கண்ணெல்லாம் பளபள என்றிருந்தது.

நான் கூடாது என்று சொன்னேனா? நீங்கள் அப்படி நினைக்கக் கூடாது. என் சர்வீஸில் ஒரு மனுவையும் நான் நிராகரித்தது கிடையாது தம்பி. நிராகரித்தால் மேல்முறையீட்டுக்குப் போவான். நிலுவையில் வைத்தால் எங்கே போவான்?

"தாராளமா போம்மா" என்றேன். "இந்தத் தண்ணி பழகட்டும். தினமும் டெஸ்ட் எடுக்க ஆளு வேணும்லா? ரெண்டும் ஜீரோன்னு நீ வந்து சொல்லுத அன்னைக்கு உனக்கு உத்தரவு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். ஆறு வாரம், புரட்டாசி பாதி. "கணக்கா வந்திரும் மாமா" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைக் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அப்புறம் பார்க்க வேண்டுமே அவள் அக்கறையை. குட்டிக் குப்பியில் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டை எண்ணி விட்டு, கடிகாரத்தைப் பார்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பார்ப்பாள். அமோனியா இல்லையென்றால் மஞ்சள், ஏற ஏறப் பச்சை. நைட்ரைட் இல்லையென்றால் நீலம், இருந்தால் ஊதா. பார்த்ததைச் சுவரில் தொங்குகிற அந்தக் காலண்டர் கட்டத்தில் எழுதுவாள், நான் கீழே இனிஷியல் போடுவேன். நான் குப்பியைப் பார்ப்பதில்லை. ஆபீஸிலும் அப்படித்தான். கீழே உள்ளவன் அளப்பான், நான் கையெழுத்துப் போடுவேன். அதுதான் முறை.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் அமோனியா ஏறியது. வீடே நாறியது. என் வீட்டுக்காரி வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆவுடை மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மூச்சை நன்றாக இழுப்பாள். "ஏறட்டும் மாமா, ஏறினாத்தான் இறங்கும்" என்பாள். மூன்றாவது வாரம் நைட்ரைட் வந்தது. வெள்ளையாக இருந்த பாறையில் பழுப்பாகப் பாசி மாதிரி ஒன்று படர்ந்தது. அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். "குடியேறிட்டு மாமா!" ராத்திரி போனில் மகனிடமும் அதையே பேசினாள்.

இங்கேதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரு பெண், புகுந்த வீட்டில் இருந்துகொண்டு, வெளியே போவதற்கு இப்படி நாள் எண்ணலாமா? அது வீட்டுக்கு மரியாதையா? நாலாவது வாரக் கடைசியில் அமோனியா கிட்டத்தட்ட ஜீரோ. அன்று சாயங்காலம் அவள் பஸ் நேரமெல்லாம் விசாரித்து ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். தாழையூத்து, எட்டு பத்து. எட்டு முப்பத்தஞ்சு.

மறுநாள் பால்காரரிடம் சொல்லி இரண்டு இறாலைத் துணியில் முடிந்து வாங்கிவரச் செய்து, குச்சியால் தள்ளி நானே உள்ளே போட்டேன். ஆமாம், நான்தான். மறைக்க என்ன இருக்கிறது?

அவள் பாறைக்குப் பின்னால் கிடந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தாள். ரீடிங் ஏன் திரும்ப ஏறுகிறது என்று தேடியிருக்கிறாள். ஈர முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "மாமா, இதை யாரு போட்டா?"

"நான்தாம்மா. ஒரு பேப்பர் கூடுதலா இருந்தா பைலுக்குப் பலந்தான?"

"ஒரு வாரம் தள்ளிப் போகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவது குளியலுக்குப் போனாள். ஆனாலும் கெட்டிக்காரி தம்பி. ஏதோ கணக்குப் போட்டுப் பாதித் தண்ணீரை மாற்றினாள், காற்றுக்குழாயைக் கூட்டி வைத்தாள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலை இரண்டு குப்பியையும் ஒரு தட்டில் வைத்து, வெற்றிலைபாக்குக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம்.

"ஜீரோ மாமா. ரெண்டும் ஜீரோ. மூணு நாளா இப்படித்தான் இருக்கு. கட்டத்துல எழுதினேன், உறுதியாகட்டும்னு வாய்விட்டுச் சொல்லாம இருந்தேன்."

உள்ளே கொடியில் அவள் சேலை இஸ்திரி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமைக்கு.

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். "விஜயதசமி அன்னைக்கு மீன விடுவோம். நாளைக்கு ஆயுத பூஜை. வீட்டுல ஓடுத மிஷின் எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வைக்கணும். மிக்ஸி, கிரைண்டர், மோட்டார், என் வண்டி. இந்த பில்டரையும் சேத்துக்கோ."

"மாமா, அதைக் கழுவக் கூடாது. அந்தப் பஞ்சுலதான் கிருமி இருக்கு. குழாய்த் தண்ணில குளோரின் இருக்கு, அது மேல பட்டா எல்லாம் செத்துரும்."

"வருஷம் பூரா ஓடுத மிஷினுக்கு ஒரு நாள் குளிப்பாட்டு கிடையாதாம்மா? அரிவாள்மணைக்கே பூஜை உண்டு நம்ம வீட்டுல."

"வெளிய மட்டும் துடைச்சு, பொட்டு வைக்கேன் மாமா."

"சாமி காரியத்துல வெளிய மட்டும் துடைக்கிறதுன்னு ஒண்ணு உண்டா?"

என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள் தம்பி. "மாமா, ஆறு வாரம் மாமா" என்றாள். அதையே மூன்று தடவை சொன்னாள். என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து, "வீட்டுல பூஜைய வச்சிக்கிட்டு இது என்ன அழுகை?" என்று அதட்டினாள்.

உண்மையைச் சொல்கிறேன். கழுவக் கூடாது என்பது எனக்கும் தெரியும். மச்சாது முதல் நாளே சொல்லியிருந்தார். கழுவினால் கெட்டுப்போகும், சரி. ஆனால் நான் சொல்லி அவள் செய்யாமல் இருந்தால் அது தண்ணீர் கெடுவதைவிடப் பெரிய கேடு இல்லையா? தண்ணீரை ஆறு வாரத்தில் பழக்கிவிடலாம்.

கழுவினாள். கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து பஞ்சைப் பிழிந்து பிழிந்து கழுவினாள். பழுப்பாக ஓடியது. "அந்தப் பாறையும் அழுக்கா இருக்கு பாரு" என்றேன். தேங்காய் நாரால் பாறையையும் தேய்த்தாள். வந்த நாள் மாதிரி வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. திரும்பப் பொருத்தி, சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்தோம். கற்பூரம் காட்டும்போது அவளும் கைகூப்பித்தான் நின்றாள். பார்க்க லட்சணமாக இருந்தது. போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன்.

விஜயதசமியன்று ஆறு மீன். ஆரஞ்சும் வெள்ளையுமாக நாலு, நீலத்தில் இரண்டு. நல்ல நேரம் பார்த்து விட்டோம். ஒரு நாள் ஆடியது. மறுநாள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. பார்க்க வேடிக்கையாக இருந்தது, பசி என்று நினைத்து இன்னும் இரை போட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு "என்னம்மா ரீடிங்?" என்றேன்.

"பச்சை மாமா" என்றாள்.

"அப்போ ஜீரோ இல்ல."

"பூஜைக்கு முந்தின நாள் ஜீரோ இருந்துதே மாமா. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"ஜீரோ வந்தா மட்டும் போதுமா? நிலைக்கணும்லா?" என்றேன். இதில் தப்பு என்ன இருக்கிறது? சான்றிதழுக்குக் காலாவதி உண்டு.

அன்று ராத்திரி மகனுக்குப் போன் போட்டு என்னவோ அழுதாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். "அப்பா சொல்லுதபடி கேளு ஆவுடை, அவங்களுக்குத் தெரியாததா" என்றான். என் பிள்ளை என்பதால் சொல்லவில்லை, அவனுக்கு எப்போதுமே நிதானம் ஜாஸ்தி.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கையில் சர்டிபிகேட் பை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எட்டு பத்து போயிற்று. எட்டு முப்பத்தஞ்சும் போயிற்று. பதினோரு மணிக்கு அந்தப் பால் பண்ணையிலிருந்து போன் வந்தது. வீட்டில் பெரியவன் இருக்கிறேனே என்று நான்தான் வாங்கிப் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினேன். "பிள்ளைக்கு உடம்புக்குச் சரியில்ல, ஒரு மாசம் டைம் குடுங்க" என்றேன். முடியாது சார், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டோம் என்றார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நம் கையில் இல்லாத விஷயம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அவள் நாற்காலியில் இல்லை. தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஆறில் நாலு செத்து அடியில் கிடந்தது. இரண்டு இன்னும் மேலே வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வலையை எடு என்று நான் சொல்லும்வரை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் தங்கமாக மாறிவிட்டாள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அழுகை இல்லை, போன் இல்லை. நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே வேலை நடக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் யாரும் சொல்லாமலே பில்டரைக் கழற்றிக் கொண்டுபோய்க் குழாயடியில் அலசி, பொட்டு வைத்துப் பொருத்திவிடுகிறாள். பாறையையும் தேய்க்கிறாள். பத்து மணிக்கு டெஸ்ட். "என்னம்மா?" என்பேன். "ஜீரோ மாமா." அவ்வளவுதான். ஒரு நாள்கூட மாறவில்லை. நான் இனிஷியல் போட்டுவிடுவேன்.

ஆனால் மீன் மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது. இரண்டாவது தடவை ஐந்து வாங்கினேன், மூன்று நாள். மூன்றாவது தடவை எட்டு, இரண்டே நாள். நாலாவது தடவை மச்சாது கொடுக்கவே யோசித்தார். டெஸ்ட் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். காலண்டரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம்தான் கொடுத்தார். அதுவும் போயிற்று. செத்ததைக் குப்பையில் போட என் வீட்டுக்காரி விடுவதில்லை, உயிர் இருந்த பொருள் என்பாள். ஆவுடைதான் பின்னால் பிச்சிக்கொடி மூட்டில், வேரோரமாகப் புதைக்கிறாள். கார்த்திகையிலும் அந்தக் கொடி என்னமாகப் பூக்கிறது தெரியுமா? என் வீட்டுக்காரிக்குக் கட்டி மாளவில்லை. எதிர்வீட்டு டாக்டர் வீட்டுக்குக்கூட ஒரு முழம் போகிறது.

கடையில்தான் ஏதோ நோய்ப்பட்ட மீனாகக் கொடுக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். அதனால்தான் மச்சாதுவிடம் ஆளை அனுப்பச் சொன்னேன். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்ன தம்பி, டெஸ்ட் எடுத்துவிட்டீர்களா? பேசிக்கொண்டே கவனிக்கவில்லை. காட்டுங்கள். பச்சையா? எங்கே? கரும்பச்சையா? அப்படி இருக்க முடியாதே. இன்று காலைக் கட்டத்தைப் பாருங்கள். ஜீரோ, ஜீரோ. கீழே என் கையெழுத்து. நேற்று ஜீரோ. முந்தாநாள் ஜீரோ. இரண்டு மாதமாக ஒரு பச்சை கிடையாது. கையெழுத்து இருக்கும்போது தப்பு எங்கிருந்து வரும்?

இருங்கள். ஏம்மா ஆவுடை! இங்க வா. இந்தத் தம்பி அமோனியா பச்சைன்னு சொல்லுது. காலையில நீ எடுத்தது என்ன?

கேட்டீர்களா? ஜீரோ என்கிறாள். எவ்வளவு அமைதியாகச் சொல்கிறாள் பார்த்தீர்களா? படித்த பிள்ளை தம்பி, பொய் சொல்லத் தெரியாது. நீங்கள் ஏன் அவளை அப்படிப் பார்க்கிறீர்கள்? சொல்லுங்கள், உங்கள் மருந்து எப்போது வாங்கினது? என்னது, சத்தமாகச் சொல்லுங்கள். பழசாக இருக்கலாம் என்கிறீர்களா? ஆங். அதைத்தானே நானும் சொல்கிறேன். தப்பை ஒத்துக்கொள்கிற குணம் இருக்கிறதே, அது பெரிது. குப்பியைக் கொட்டிவிடுங்கள், பார்க்கவே நன்றாக இல்லை. நீ போம்மா, தம்பிக்குக் காபி கொண்டா.

சரி, ஆர்டரை எழுதிக்கொள்ளுங்கள். மச்சாதுவிடம் சொல்லுங்கள், இந்த முறை சில்லறை மீன் வேண்டாம். அந்த மஞ்சள் மீன், தட்டையாக அகலமாக இருக்குமே, நாலு. இன்னும் பெரிதாக ஏதாவது இருந்தால் அதிலும் இரண்டு. இது நானாகக் கேட்கவில்லை. ஆவுடைதான் படத்தில் காட்டித் தேர்ந்தெடுத்தாள். "பெரிய மீனா வாங்குங்க மாமா, நிறைய வாங்குங்க" என்று அவள் வாயாலேயே கேட்டாள். வேலை வேண்டும் என்று கேட்ட பிறகு இந்த வீட்டில் அவள் கேட்ட ஒரே பொருள் இதுதான். மறுக்க மனசு வருமா?

வெள்ளிக்கிழமை கொண்டுவந்துவிடுங்கள். ஜன்னல் வழியாக அந்தப் பிச்சிக்கொடியைப் பாருங்கள். மூட்டில் புது மண் குவிந்திருக்கிறதல்லவா? இன்று விடியக்காலம், குளிப்பதற்கு முன்னாலேயே, அவளே மண்வெட்டி எடுத்து ஆறு குழி வெட்டி வைத்துவிட்டாள். ஒவ்வொன்றும் முழங்கை ஆழம். "இப்ப எதுக்கும்மா?" என்று கேட்டேன். "மழை வருது மாமா, பிறகு மண்ணு வெட்ட வராது" என்றாள்.

பொறுப்பு வந்துவிட்டது தம்பி. காபியைக் குடியுங்கள், ஆறுகிறது.